கை வீங்காமல் பாக்ஸிங் பழக என்ன கிளவுஸ், என்ன பேண்டேஜ் வாங்கலாம்? (மதுரை)

திருநகர் அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை பாக்ஸிங் சேர்ந்து சில மாதம் ஆகிறது. கல்லூரி முதல் வருஷம், எடை 52 கிலோ, கை ரொம்பச் சின்னது, வளையல் கடைக்குப் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அளவுதான் சேரும். அவள் போகிற பயிற்சிக் கூடத்தில் ஒரு சாக்குப் பையில் பொது கிளவுஸ் கிடக்கும், முதலில் வருகிறவர்கள் நல்லதை எடுத்துக்கொள்வார்கள், கல்லூரி முடிந்து பஸ் பிடித்து வருகிற இவளுக்குப் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிப்போன 14 அவுன்ஸ்தான் மிச்சம் இருக்கும். கிளவுஸுக்குள் கையில் சுற்றுகிற துணி பேண்டேஜைக் கட்டிக்கொள் என்கிறார்கள், எப்படிக் கட்டுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

இப்போது வலது கையில் சுண்டுவிரல் முட்டியும் மோதிர விரல் முட்டியும் சிவந்து வீங்கியிருக்கிறது. தண்ணீர் வாளியைத் தூக்கினால் மணிக்கட்டில் சுள்ளென்கிறது என்கிறாள். வீட்டில் அம்மா "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அவளை நிறுத்த மனசில்லை. நிகத் ஜரீன் 2022-இல் உலகப் பட்டம் வாங்கியதும் இதே 52 கிலோவில்தான், அந்தப் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

2,500 ரூபாய் வரை என்னால் செலவழிக்க முடியும். எத்தனை அவுன்ஸ் வாங்குவது, என்ன பேண்டேஜ், மதுரையில் கடையில் பார்த்து வாங்குவது நல்லதா, ஆன்லைனில் வாங்கலாமா, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரேஸ்கோர்ஸ்காரன்:

தம்பி, வீக்கம் வற்றுகிற வரைக்கும் அந்த வலது கையால் ஒரு குத்துகூட வேண்டாம். கால் வேலை, கயிறு தாண்டுவது, காற்றில் இடது கை ஜாப் (நேர்க் குத்து) எல்லாம் செய்யட்டும், பயிற்சி ஒன்றும் விட்டுப்போகாது. நான் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பழகி மாநில அளவில் ஆடியவன், இப்போது சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தச் சுண்டுவிரல் பக்க வீக்கத்தோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குத்து விழ வேண்டிய இடம் ஆள்காட்டி விரல் முட்டியும் நடுவிரல் முட்டியும். அந்த இரண்டுக்கும் பின்னால் உள்ள உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு இறுகி நிற்கும், அடி நேராக முன்கைக்குப் போய்விடும். சுண்டுவிரல், மோதிர விரல் பக்கத்து எலும்புகள் மெலிசு, அடிப்பக்கத்தில் ஆடவும் செய்யும். தங்கையை இடது கையில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: நடுவிரல் முட்டியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் எலும்பு நகராது, சுண்டுவிரல் முட்டியைப் பிடித்து அசைத்தால் நன்றாகவே ஆடும். அந்த ஆடுகிற பக்கத்தில்தான் இப்போது அவளுடைய மொத்த அடியும் விழுகிறது.

ஏன் அங்கே விழுகிறது? ஒரு காரணம் ஹூக் (பக்கவாட்டுக் குத்து) போடும்போது முழங்கை தொங்கிப் போவது, அதைப் பயிற்சியாளர்தான் திருத்த வேண்டும். இன்னொரு காரணம் அந்த 14 அவுன்ஸ் கிளவுஸ். பெரிய கைகள் போட்டுப் போட்டு அகண்டுபோன கிளவுஸுக்குள் சின்னக் கை போனால், குத்திப் பழகத் தொங்கவிட்ட மூட்டையில் படுகிற நொடியில் கிளவுஸ் ஒரு பக்கம் நிற்கும், கை உள்ளே திரும்பிவிடும். மணிக்கட்டு மடங்குவதும் அப்போதுதான்.

அவுன்ஸ் என்பது ஒற்றைக் கிளவுஸின் எடை. 10 அவுன்ஸ் ஏறக்குறைய 283 கிராம், 12 என்றால் 340, 16 என்றால் 454. எடை கூடினால் பஞ்சு கூடும் என்பது பொதுவாகச் சரிதான், ஆனால் அந்தப் பஞ்சு முட்டி மேல் இருக்கிறதா, புறங்கையிலும் மணிக்கட்டிலும் பரவிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். 52 கிலோ பெண்ணுக்கு மூட்டைக்கும், பயிற்சியாளர் கையில் பிடிக்கிற பேடுக்கும் 12 அவுன்ஸ், கை மிகவும் சின்னது என்றால் 10 போதும். ஸ்பாரிங் (இன்னொருவரோடு மோதிப் பழகுவது) இறங்குகிற காலத்தில் தனியாக ஒரு ஜோடி 14 அல்லது 16 வேண்டும். மூட்டையில் குத்திக் குத்தி இறுகிய கிளவுஸைப் போட்டுக்கொண்டு ஸ்பாரிங் செய்தால் எதிரே நிற்கிற பிள்ளையின் முகம்தான் பாழாகும். போட்டிக்காக இப்போது எதுவும் வாங்க வேண்டாம், அமெச்சூர் போட்டிகளில் பெண்களுக்கு 10 அவுன்ஸ், சிவப்பும் நீலமும் நடத்துகிறவர்களே கொடுப்பார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் கூடத்தில் மூட்டைக்குள் என்ன அடைத்திருக்கிறார்கள்? விசாரித்துச் சொல்லுங்கள்.

எலும்பும் தசையும்:

நான் பிசியோதெரபிஸ்ட், அண்ணா நகர் பக்கம் வேலை பார்க்கிறேன். கிளவுஸ் பேச்சு நடக்கட்டும், அதற்குள் தங்கையின் கையை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் தம்பி.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது இது. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முஷ்டி பிடிக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் முட்டி மேடு இடது கையில் தெரிகிற மாதிரி வலது கையிலும் தெரிகிறதா, உள்ளே அமுங்கிப் போயிருக்கிறதா? மெதுவாக விரல்களை மடக்கும்போது சுண்டுவிரல் மோதிர விரலுக்கு அடியில் போய்ச் சொருகுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஐந்தாவது உள்ளங்கை எலும்பின் கழுத்தில் முறிவு இருக்கலாம். பாக்ஸர்ஸ் ஃபிராக்சர் என்று இதற்கே பெயர்.

மணிக்கட்டு வலியை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஸ்கேஃபாய்டு என்கிற சின்ன எலும்பில் விரிசலாக இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம், வலி இருந்தால் 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். அதைச் சுளுக்கு என்று விட்டுவிட்டால் பிறகு எலும்பு சேராமல் போய், வருஷக்கணக்கில் கஷ்டம் கொடுக்கும். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் வருகிற அமைப்பு அப்படி.

தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். எக்ஸ்ரே பார்க்காமல் உருவினால், விலகாமல் இருக்கிற முறிவும் விலகிவிடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிஷம், ஒரு நாளைக்குச் சில தடவை, கையைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது, இது போதும். பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவிலேயே காட்டலாம், பெரிய செலவு இருக்காது.

மேலூர்க் கம்பு:

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சிலம்பம் பழகியவன், எங்கள் ஆசான் காலத்திலிருந்து யாரும் கைக்கு உறை போட்டதில்லை. கம்பு பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப் போகும், அந்தக் காய்ப்புதான் காப்பு. பஞ்சு கட்டிப் பஞ்சு கட்டித்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கை மெலிந்து போகிறது என்பது என் அபிப்பிராயம். வெறும் கையால் மணல் மூட்டையில் மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினால் எலும்பு தானாகக் கெட்டிப்படும். கராத்தேக்காரர்களும் அப்படித்தானே செய்கிறார்கள்?

ரேஸ்கோர்ஸ்காரன்:

அண்ணே, சிலம்பத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு இன்றைக்கும் கம்பு சுற்றுகிறார்கள். ஆனால் கம்பு பிடிக்கிற கையில் உரசல் தோலுக்கு, தோல் காய்த்துக்கொள்ளும். குத்துகிற கையில் இடி எலும்புக்கும் மூட்டுக்கும். அது வேறு கணக்கு.

பாக்ஸிங்கும் வெறும் கையில் ஆரம்பித்ததுதான். இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் 1743-இல் விதி எழுதிய காலத்தில் மோதல் வெறும் கையில்தான் நடந்தது, பயிற்சிக்கு மட்டும் பஞ்சு உறை. அந்தக் காலத்து ஆட்கள் மண்டையில் ஓங்கிக் குத்தத் தயங்குவார்கள், குத்தினால் தன் கைதான் முறியும் என்று அவர்களுக்குத் தெரியும். 1867-இல் குயின்ஸ்பெரி விதிகள் வந்து கிளவுஸ் கட்டாயமான பிறகுதான் தலைக்குக் குத்துவது இவ்வளவு பெருகியது. அதாவது கிளவுஸ் முதலில் காப்பது குத்துகிறவனின் கையைத்தான். எதிராளியின் மூளையை அது காப்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், 16 அவுன்ஸ் போட்டாலும் தலை ஆடத்தான் செய்யும்.

நாங்கள் ஒரு சாயங்காலத்தில் மூட்டையில் போடுகிற குத்து நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு நாளும் அதை வெறும் கை தாங்காது அண்ணே, அதுவும் இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளைகளின் கை.

எலும்பும் தசையும்:

மேலூர் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாரம் கொடுத்தால் எலும்பு மெதுவாகக் கெட்டிப்படும், அது உண்மைதான். ஆனால் மூட்டின் உள்ளே இருக்கிற குருத்தெலும்பு அப்படிக் காய்த்துக்கொள்ளாது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். முட்டி மேல் ஓடுகிற தசைநாணைப் பக்கத்தில் நழுவாமல் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பட்டை ஒன்று உண்டு, திரும்பத் திரும்ப அடி விழுந்தால் அது கிழியும். பெரும்பாலும் நடுவிரலில். விரலை மடக்கும்போது நாண் முட்டியிலிருந்து ஒரு பக்கமாக வழுக்கி விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகிறது. பேண்டேஜ் கட்டும்போது முட்டி மேல் மெத்தை வைப்பது இதற்காகத்தான்.

திருநகர் அண்ணன்:

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. எக்ஸ்ரே எடுத்தோம். முறிவு இல்லை, மூட்டுச் சவ்வில் அடி என்று சொல்லி மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்திருக்கிறார்கள், வலி நின்ற பிறகு மெதுவாக ஆரம்பிக்கலாம், அதற்கு முன்னால் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். கட்டைவிரல் பள்ளத்தைக் குறிப்பாகக் கேட்டேன், அழுத்திப் பார்த்தார், வலி இல்லை.

மூட்டை விஷயம் விசாரித்தேன். ஆற்று மணலும் மரத்தூளும் கலந்து அடைத்ததாம்.

ரேஸ்கோர்ஸ்காரன்:

நினைத்தேன். மணல் நாள்பட நாள்படக் கீழே இறங்கி, மூட்டையின் அடிப்பாதி சிமெண்டுத் தூண் மாதிரி ஆகிவிடும். 52 கிலோ பிள்ளையின் உயரத்துக்கு உடம்புக் குத்தெல்லாம் சரியாக அந்த இறுகிய இடத்தில்தான் விழும். எவ்வளவு விலையுள்ள கிளவுஸ் போட்டாலும் கை வலிக்கத்தான் செய்யும்.

இதற்குப் பெரிய செலவில்லை. மூட்டையை இறக்கி, மணலைக் கொட்டிவிட்டுத் துணிக் கழிவு அடைக்கச் சொல்லுங்கள். தையல் கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். பொத்தான், ஜிப், ஊசி இல்லாமல் பொறுக்கிவிட வேண்டும். பெரிய துண்டுகளை நறுக்கி, ஒரு சாண் உயரம் அடைத்ததும் உலக்கையால் இடித்து, அப்புறம் அடுத்த சாண். அவசரப்பட்டு மொத்தமாகத் திணித்தால் நடுவில் பள்ளம் விழும். சில மாதத்துக்கு ஒருமுறை மூட்டையைத் தலைகீழாக மாற்றித் தொங்கவிட்டால் ஒரே இடத்தில் இறுகாது. உங்கள் கூடத்துப் பயிற்சியாளரிடம் மரியாதையாகப் பேசிப் பாருங்கள், நாலு பெற்றோர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. என் கருத்தைக் கேட்டால் கிளவுஸ் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஆனையூர் அம்மா:

என் மகன் பாக்ஸிங் போகிறான். எங்களுக்குக் கடையில் ஜெல் வைத்த உள் உறை கொடுத்தார்கள், கை விட்டு மாட்டினால் முடிந்தது, ஐந்து நிமிஷம் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தங்கைக்கும் அதையே வாங்கினால் என்ன?

ரேஸ்கோர்ஸ்காரன்:

அம்மா, முட்டிக்கு ஜெல் நல்ல மெத்தைதான், சின்னப் பையன் விளையாட்டாகப் பழகுகிற அளவுக்குப் போதும். ஆனால் பேண்டேஜின் முக்கிய வேலை மெத்தை இல்லை. கைக்குள் சின்னச் சின்னதாக இத்தனை எலும்புகள் இருக்கின்றனவே, அவை அடி விழும்போது விரிந்துவிடாமல் ஒரே கட்டாகச் சேர்த்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. உள் உறை எல்லாக் கைக்கும் ஒரே அளவில் வருகிறது, மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்றுதான் பிடிக்கும். இந்தத் தங்கைக்கு மணிக்கட்டுதான் பிரச்சினை, அதனால் துணி பேண்டேஜ்தான்.

நீளம் 4.5 மீட்டர் வாங்குங்கள், கடையில் 180 இஞ்ச் என்று எழுதியிருக்கும். 2.7 மீட்டர், 3 மீட்டர் எல்லாம் மணிக்கட்டுக்கும் முட்டிக்கும் இரண்டுக்கும் பத்தாது. அமெச்சூர் போட்டி விதியில் அதிகபட்சமும் 4.5 மீட்டர்தான். கொஞ்சம் இழுபடுகிற துணியாக இருந்தால் கையோடு படியும், புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அதுவே நல்லது. கெட்டிப் பருத்தி இழுபடாது, அதை அழகாகக் கட்டக் கை பழக வேண்டும். ரொம்ப இழுபடுகிற ரப்பர் துணி வேண்டாம், கட்டும்போது தெரியாமல் இறுக்கிவிட்டால் ரவுண்டு நடுவில் விரல் மரத்துப்போகும்.

கட்டுகிற விதம் இது, தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். விரல்களை நன்றாக விரித்து, மணிக்கட்டை நேராக வைக்க வேண்டும். கை தளர்ந்திருக்கும்போது கட்டினால், முஷ்டி பிடித்ததும் கை பருத்து, கட்டு கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுகும். துணி நுனியில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, துணியைப் புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோங்கள். உள்ளங்கை வழியாகப் போனால் முஷ்டி பிடிக்கும்போது வளையம் கழன்றுவிடும். மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று, ஒன்றின் மேல் ஒன்று அப்பாமல் பாதி பாதி ஏறி வர வேண்டும், மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் கீழே முன்கை வரை இறங்கட்டும். அப்புறம் புறங்கைக்குக் குறுக்கே ஏறி, முட்டிகளைச் சுற்றி மூன்று சுற்று. அங்கிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே விட்டு, திரும்ப மணிக்கட்டு. அடுத்து மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே, திரும்ப மணிக்கட்டு. அடுத்து நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. புறங்கையில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாக விழும், அது விழுந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். கட்டைவிரலை ஒரு சுற்று சுற்றிப் பூட்டி, மிச்சத் துணியை முட்டி மேல் இன்னும் இரண்டு மூன்று சுற்று கொடுத்து மணிக்கட்டில் முடித்து வெல்க்ரோவை ஒட்டுங்கள்.

கட்டி முடித்ததும் முஷ்டி பிடித்தால் இறுக்கமாகத் தெரிய வேண்டும், விரித்தால் தளர்ச்சியாக இருக்க வேண்டும். விரித்த கையில் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் உடனே சிவக்கவில்லை என்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான். இறுக்கம் மணிக்கட்டில் அதிகம், முட்டியில் குறைவு. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், முட்டி எலும்புகளை இறுக்கிச் சேர்த்துக் கட்டிவிட்டு மணிக்கட்டை லூசாக விட்டுவிடுகிறார்கள்.

தங்கையின் கை சின்னது என்பதால் 4.5 மீட்டரும் சுற்றினால் விரல் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு முஷ்டி மூடாமல் போகலாம். அப்படி இருந்தால் விரல் இடுக்குச் சுற்றில் ஒன்றைக் குறையுங்கள். மணிக்கட்டில் குறைக்க வேண்டாம்.

அவனியாபுரம் 12:

கிளவுஸ் பற்றி என் அனுபவம். வெளிநாட்டுக் கிளவுஸ் ஆசை எல்லோருக்கும் வரும். ஜப்பானின் 'வின்னிங்' கம்பெனி கிளவுஸ் கையைக் காப்பதில் பெயர் வாங்கியது, உண்மைதான், ஆனால் அந்த விலைக்கு இங்கே ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கலாம். மெக்ஸிகோ பாணியில் குதிரை முடி அடைத்தவை எதிராளிக்கு அடி நன்றாகத் தெரியும்படி செய்தவை, நம் முட்டிக்கு அதில் தாங்கல் குறைவு. பழகுகிற பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். ஜலந்தர், மீரட் தயாரிப்புகளில் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கிறது.

டவுன்ஹால் ரோடு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். பேண்டேஜைக் கட்டிக்கொண்டுதான் போட வேண்டும், வெறும் கையில் போட்டுப் பார்த்து வாங்கினால் வீட்டில் பேண்டேஜோடு நுழையாது. விரல் நுனி உள்ளே முனையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், இடித்து மடங்கக் கூடாது. உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு தண்டு மாதிரி இருக்கும், அதைப் பிடித்து முஷ்டி முழுக்க மூடுகிறதா என்று பாருங்கள். சில கிளவுஸ் மூடவே விடாது, மூடாத முஷ்டியால் குத்தினால் விரல்தான் போகும். அடுத்து, முட்டி இருக்கிற இடத்தில் வெளியிலிருந்து கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள், உள்ளே தன் முட்டி எலும்பு தட்டுப்பட்டால் அந்தக் கிளவுஸ் வேண்டாம். வெறும் மெத்து மெத்து என்று இருப்பதும் நல்லதில்லை. வெளிப்பக்கம் கெட்டி ஃபோம், உள்பக்கம் மிருதுவான ஃபோம் என்று அடுக்கு அடுக்காக இருப்பதுதான் தாங்கும்.

கட்டைவிரல் கிளவுஸோடு தைத்து ஒட்டியிருக்க வேண்டும், தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது மூட்டையில் மாட்டி முறுக்கிவிடும். மணிக்கட்டுப் பட்டை அகலமாக, குறைந்தது நாலு விரல் அகலம். லேஸ் கட்டியது நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டிவிட ஆள் வேண்டும், அதனால் வெல்க்ரோவே எடுங்கள். தோல் என்றால் விலை அதிகம், நாள்பட உழைக்கும். ரெக்சின் போதும், தையல் மட்டும் இரட்டையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனையூர் அம்மா:

நாற்றத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! நம்ம ஊர் வெயிலில் ஒரு சாயங்காலம் போட்டால் கிளவுஸ் உள்ளே தண்ணீர் ஊற்றிய மாதிரி நனைந்துவிடுகிறது. மகன் அதை அப்படியே வண்டி டிக்கியில் போட்டு வைப்பான், மறுநாள் திறக்க முடியாது. வெயிலில் காய வைக்கலாமா?

அவனியாபுரம் 12:

சித்திரை வெயிலில் போட்டால் ரெக்சின் வெடித்து, ஃபோம் பொடிந்துவிடும் அம்மா. வந்ததும் வாயை நன்றாகத் திறந்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து ஃபேன் காற்றில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத் தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள். டிக்கியில் மட்டும் வைக்கக் கூடாது. பேண்டேஜை ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும், உப்பு ஏறிய துணி விறைத்துத் தோலை அறுக்கும். துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிவிட்டுத் துவையுங்கள், இல்லையென்றால் வீட்டுத் துணியெல்லாம் அதில் சிக்கும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிக் கட்டலாம். பொதுக் கிளவுஸ் போடுகிற பிள்ளைகளுக்குப் படர்தாமரை வருவதும் இந்த ஈரத்தால்தான்.

மேலூர்க் கம்பு:

எல்லாம் படித்தேன். மூட்டு காய்க்காது என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி சொன்னது நியாயமாகப் படுகிறது, வெறும் கையால் குத்தச் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றை நான் விடமாட்டேன். எவ்வளவு கட்டினாலும் முன்கையில் பலம் இல்லாவிட்டால் மணிக்கட்டு மடங்கத்தான் செய்யும். கை சரியானதும் சின்னக் கம்பைப் பிடித்து மணிக்கட்டால் மட்டும் எட்டுப் போடச் சொல்லுங்கள், முதலில் மெதுவாக, இரண்டு கையிலும். எங்கள் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு அப்படித்தான் உரம் ஏறுகிறது.

ரேஸ்கோர்ஸ்காரன்:

இதை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. நாங்கள் ஒரு வாளி நிறைய அரிசியில் கையை முழங்கைக்குக் கிட்டே வரை விட்டு, பிசைந்து, விரித்து, திருப்பச் சொல்வோம். விரிக்கிற தசைக்கு வேலை கொடுக்க அதைவிட நல்லது இல்லை. கம்பு சுற்றுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திருநகர் அண்ணன்:

அப்படியானால் என் கணக்கு இப்படி வருகிறது: 12 அவுன்ஸ் வெல்க்ரோ கிளவுஸ் ஒரு ஜோடி 1,800-க்குள், 4.5 மீட்டர் பேண்டேஜ் இரண்டு ஜோடி 600 ரூபாய். பயிற்சியாளரிடம் மூட்டையைப் பற்றிப் பேசினேன், துணி கொண்டுவந்தால் மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார். முதலில் சங்கடப்பட்டார், மற்ற பிள்ளைகளின் கையையும் பார்த்த பிறகு அவரே நாள் குறித்தார். துணிக் கழிவு எங்கே கேட்கலாம்?

செல்லூர்த் தையல்:

நான் செல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன், இழையை முழுக்கப் படித்தேன். வெட்டுத்துணி என்னிடமே இரண்டு மூட்டை இருக்கிறது, பக்கத்துக் கடைகளிலும் கேட்டு வைக்கிறேன். பனியன் துணிக் கழிவாக இருந்தால் இன்னும் நல்லது, அது மெத்தென்று இருக்கும், கட்டியாக இறுகாது.

பேண்டேஜும் தைக்க முடியும் தம்பி. கடையில் விற்பது அகலம் இரண்டு அங்குலம்தான். கொஞ்சம் இழுபடுகிற பருத்தித் துணியாக எடுத்து, நீளவாக்கில் 4.5 மீட்டர் வெட்டி, இரண்டு ஓரமும் ஓவர்லாக் அடித்தால் நூல் பிரியாது. ஓரத்தை மடித்துத் தைக்கக் கூடாது, தடித்த தையல் விரல் இடுக்கில் அறுக்கும். ஒட்டுப் போட்டு நீளம் சேர்க்கவும் கூடாது, ஒட்டு எங்கே விழுகிறதோ அங்கே புடைக்கும். உங்கள் கூடத்தில் எத்தனை பிள்ளைகள் சொந்தப் பேண்டேஜ் இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், துணி விலை மட்டும் கொடுத்தால் போதும், தையல் கூலி வேண்டாம்.

ரேஸ்கோர்ஸ்காரன்:

அண்ணே, பெரிய உதவி. இரண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் வளையத்தைத் துணியிலேயே மடித்துத் தையுங்கள், நாடா வைத்தால் அறுக்கும். அப்புறம் வெல்க்ரோவின் சொரசொரப்பான பாதி கட்டி முடிக்கும்போது தோல் பக்கம் வராமல், கீழே இருக்கிற துணி மேல் படிய வேண்டும், ஒரு சாண் நீளம் மிருதுவான பாதியைத் தைத்தால் கை பெரியதோ சின்னதோ எங்கே முடிந்தாலும் ஒட்டும். முதல் ஜோடியைத் தைத்ததும் சொல்லுங்கள், நான் சாயங்காலம் வந்து தங்கையின் கையில் கட்டிப் பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் மற்றதை வெட்டலாம்.

செல்லூர்த் தையல்:

வியாழக்கிழமைக்குள் ஒரு ஜோடி தயாராகிவிடும். ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அதுவரைக்கும் கடையில் கூட்டம் இருக்கும்.